ஊர் எது என்று கேட்கிறார்கள்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்திற்கு வரும் வழியில் சாலைக் கடைத்தெருவில் ஓர் அண்ணாச்சி நம்மை நிறுத்தி, "இன்றைக்கு என்ன பேசப் போகிறீர்கள்? மறுபடியும் மொழிதானா?" என்று கேட்டார். மொழியும் உண்டு, ஆனால் இன்று முதலில் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றோம். என்ன காகிதம் என்றார். சாதிச் சான்றிதழ் என்றோம். "அதற்கென்ன, வில்லேஜ் ஆபீசில் கொடுப்பார்களே!" என்று சொல்லிவிட்டு அவர் கல்லாவிற்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அது தேவைப்பட்டதில்லை. தேவைப்பட்டவர்களின் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சங்க உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம். அவருடைய தகப்பனார் இந்நகரின் தெருக்களைக் கூட்டியவர். பாட்டனாரும் அதே வேலைதான். பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து எந்த ஆண்டு வண்டியேறினார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. "வெள்ளைக்காரன் போன சமயம்" என்று பாட்டி சொல்லுவாளாம். அவருடைய மகள் இங்கேயே பிறந்தாள், இங்கேயே படித்தாள், மலையாளம் நம்மைவிட நன்றாகப் பேசுவாள். பட்டம் பெற்று, பி.எஸ்.சி.க்கு விண்ணப்பிக்கப் போகும்போது ஓர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "1950 ஆகஸ்ட் 10ஆம் நாளுக்கு முன் உங்கள் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம்! தெருக்கூட்டியவன் பட்டயம் வைத்திருப்பானா? வாடகைக் குடிசைக்கு ஆதாரப் பத்திரம் உண்டா? துடைப்பத்திற்கு ரசீது உண்டா?

அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறீர்கள். அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பட்டியலினத்தார் ஆணையைப் பிறப்பித்த நாள் அது. அந்தப் பட்டியல் இந்தியா முழுமைக்கும் ஒன்றன்று. ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி. சக்கிலியர், பறையர், பள்ளர் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன, கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் பெயர் இரண்டு பக்கமும் இருப்பதால் மட்டும் உரிமை கூடவே நடந்து வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திராவில் பட்டியல் பழங்குடியாக இருந்த ஒரு குடும்பத்துப் பையன், தகப்பனார் வேலை காரணமாகப் பம்பாய்க்கு வந்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டான். கிடைக்காது என்று தீர்ப்பாயிற்று. 1994இலும் அதுவே உறுதியாயிற்று. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, ஒரு மாநிலத்துப் பட்டியலினத்தார் மற்றொரு மாநிலத்தின் வேலைகளில் அந்த உரிமையைக் கோர முடியாது என்றே மீண்டும் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்புகளில் நியாயமே இல்லை என்று நாம் மேடையேறிக் கூச்சலிடப் போவதில்லை. நியாயம் இருக்கிறது. கேரள அரசுப் பணிகளில் பட்டியல் சாதியாருக்கு 100க்கு 8 இடம்தான், பழங்குடியாருக்கு 2. இங்கே தலைமுறை தலைமுறையாய்ச் சேற்றில் நின்ற புலையர் வீட்டுப் பிள்ளைக்குரிய அந்த எட்டில், நேற்று வெளியூரிலிருந்து வசதியோடு வந்திறங்கிய ஒருவர் பங்கு கேட்டால் அவன் வயிறு எரியாதா? எரியும். நமக்கும் எரியும். ஆனால் நாம் கேட்பது நேற்று வந்தவரைப் பற்றியன்று. எழுபது ஆண்டுகளாக இந்த நகரின் கழிவைச் சுமந்த குடும்பத்தைப் பற்றி. சாக்கடையில் இறங்கும்போது எந்த அதிகாரியும் அவனிடம் 1950ஆம் ஆண்டுக்கு ஆதாரம் கேட்கவில்லை!

தகழி 1947இல் எழுதிய "தோட்டியின் மகன்" நாவலை நம்மில் பலர் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்திருக்கிறோம். ஆலப்புழைத் தோட்டியான சுடலைமுத்து தன் பிள்ளை தோட்டியாகக் கூடாது என்று எத்தனை பாடுபடுகிறான்! அந்தப் பெயரைக் கவனியுங்கள். சுடலைமுத்து! எந்த மண்ணின் பெயர் அது? இக்கதை இந்நாட்டு இலக்கியத்திலேயே ஏறிவிட்டது, தாலுகா ஆபீசின் பதிவேட்டில்தான் இன்னும் ஏறவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சட்டம் தெரிந்த நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஆணை வந்தபோது கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான் இருந்தது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அதில்தான் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எனவே 1952இல் கல்குளத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குப் பிழைக்க வந்த ஒருவர் தம் மாநிலத்தின் தலைநகருக்குத்தான் வந்தார். அவர் மாநிலம் மாறவில்லை, மாநிலம்தான் அவர் முதுகுக்குப் பின்னால் மாறிற்று. அவருடைய பேரனை "வெளி மாநிலத்தான்" என்று எழுதுவது எந்தக் கணக்கு? இந்தக் கேள்வியை எழுத்து மூலமாகக் கேட்கும் வேலையை நம் சங்கம் மேற்கொண்டாக வேண்டும்.

இந்த இடத்தில் சற்றே பின்னோக்கிச் செல்ல அனுமதி வேண்டும். சிலருக்குக் கசக்கும்.

வேலை வாய்ப்பில் அநீதி என்று இந்த நகரில் முதன்முதலாகப் பெருங்குரல் எழுந்தது நமக்காக அன்று, நமக்கு எதிராக! 1891இல் "மலையாளி மெமோரியல்" என்ற விண்ணப்பத்தைப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் கொடுத்தனர். பாரிஸ்டர் ஜி.பி. பிள்ளை அதன் முன்னணியில் நின்றவர். திருவிதாங்கூர் சர்க்காரின் பெரிய உத்தியோகங்களெல்லாம் கும்பகோணம், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கும் மராத்தியப் பிராமணர்களுக்குமே போகின்றன, நாட்டில் பிறந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்பது அவர்களுடைய முறையீடு. முறையீட்டில் பொய்யில்லை. "பரதேசி" என்ற சொல் அன்று கோட்டைக்குள் அதிகாரத்தோடு வாழ்ந்தவர்களைக் குறித்தது. இன்று அதே சொல்லை நம் கூலிக்காரனை நோக்கி வீசுகிறார்கள். சொல் ஒன்றுதான், ஆள் வேறு.

அத்தோடு முடிந்ததா? அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் டாக்டர் பல்பு. ஈழவர். சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியும் சொந்த நாட்டில் சர்க்கார் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போய்ப் பணிபுரிந்தவர். மெமோரியலால் மேல் தட்டினருக்கு ஏதோ வழி பிறக்கலாம், தம் மக்களுக்கு ஒன்றும் பிறக்காது என்று கண்டுகொண்ட அவர் 1896இல் 13,176 பேர் கையெழுத்தோடு ஈழவ மெமோரியலைக் கொடுத்தார். ஈழவருக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்காக ஐயன்காளி எழுந்தார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்தினார். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்ற சிறுமி பஞ்சமி உட்கார்ந்த பள்ளிக்கூடத்திற்குத் தீ வைத்தார்கள். இன்றும் கேரளத்தில் அந்தச் சிறுமியின் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். நாமும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம் எனில், இந்நகரில் "தமிழர்" என்றால் ஒரே ஆள் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வலிய சாலை, கரமனை அக்கிரகாரத்திலும் தமிழர் இருந்தார்கள். மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்துக்கொண்டே 1891இல் "மனோன்மணீயம்" வெளியிட்ட சுந்தரம் பிள்ளையும் தமிழர். சிங்காரத்தோப்புச் சிறையில் அடைபட்ட அய்யா வைகுண்டரும் தமிழர். மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டு 1859இல் அரசாணை பெற்ற தென் திருவிதாங்கூர்ப் பெண்களும் தமிழர். சாலையில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் சுமைக்காரர்களைக் கதையாக எழுதிய ஆ. மாதவனும் தமிழர். தலைமைச் செயலகத்திற்குக் கூப்பிடு தூரத்தில் செங்கல்சூளையில், இப்போது இராஜாஜி நகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நெருக்கியடித்து வாழும் குடும்பங்களில் பலவும் தமிழ்க் குடும்பங்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் நாம் முதல் வகையினரின் படங்களையே மாட்டுகிறோம். செங்கல்சூளைக்குச் சந்தா வாங்கப் போகிறோமே தவிர, சான்றிதழுக்காக அவர்களோடு தாலுகா ஆபீசில் எத்தனை பேர் நின்றிருக்கிறோம்? வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், மிகச் சிலர்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 350 அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோதே, பிரிவினையால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துச் சேர்த்த பிரிவு அது. இங்கே சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. இருக்கிறதே என்று மகிழ்கிறோம். ஆனால் அங்கே யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்? சுமைக்காரர், தள்ளுவண்டிக்காரர், வீட்டு வேலை செய்யும் அக்காமார் பிள்ளைகள். தமிழ் வாழ்க என்று இந்த மேடையில் முழங்கும் நம்முடைய பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடப் பஸ்ஸில் போகிறார்கள். இதை எதிராளி சொல்லுமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ் வழியில் படித்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்ததும் மேலே போக வழி குறுகுகிறது. திடீரென்று மலையாளத்திலோ இங்கிலீஷிலோ பாடம். தடுமாறுகிறவன் நின்றுவிடுகிறான். நின்றவன் கதை அத்தோடு முடிவதில்லை. அவன் கடல் கடந்து போகலாம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு கதவு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட் வேறு வகை. வளைகுடா நாடுகள் முதலான சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வோர் காப்பாளரிடம் அனுமதி பெற்றாக வேண்டும். அந்த அலுவலகம் இந்நகரிலேயே இருக்கிறது. காப்பதற்காக வந்த ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் தேறியவன் நேராக விமானம் ஏறுகிறான், தேறாதவன் தரகன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறான். பள்ளியில் தோற்ற பாடம் விமான நிலையத்தில் மறுபடி தோற்கடிக்கிறது. கல்வி, வேலை, குடியேற்றம் என்று மூன்றாகப் பிரித்து நாம் தீர்மானம் போடுகிறோம். அந்தப் பையனுக்கு மூன்றும் ஒரே சுவர்.

கடலுக்கு அப்பால் என்றதும் இலங்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஆடு மாடு பிரிப்பதுபோல! 1970-71இல் அங்கே மருத்துவப் படிப்புக்குச் சிங்கள வழி மாணவனுக்கு 229 மதிப்பெண் போதும், தமிழ் வழி மாணவனுக்கு 250 வேண்டும் என்றார்கள். அதன் பின் அந்த நாடு எங்கே போயிற்று என்பதை உலகம் பார்த்தது.

கேரளத்தை இலங்கையோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் திரித்துச் சொல்ல வேண்டாம். ஒப்பிடவில்லை. இங்கே நமக்கு வாக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு, தோளோடு தோள் நிற்கும் மலையாளித் தோழர்கள் உண்டு. நாம் சொல்ல வருவது வேறு. அந்த ஒப்பந்தப்படி வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கேரளத்திலேயே, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் ரிஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் அமைத்து, குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்கள் 1950இல் எங்கே இருந்தார்கள்? கண்டியில், ஹட்டனில், தேயிலைச் செடிக்கு நடுவில்! ஆகஸ்ட் 10ஆம் நாள் இந்த மாநிலத்தில் இருந்தாயா என்று அவர்கள் பேரப்பிள்ளையிடம் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அரசாங்கமே கப்பலேற்றிக் கொண்டுவந்த மக்களை நோக்கி அரசாங்கமே அக்கேள்வியைக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

மூணாறு மலையிலும் இதே கதைதான். 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு "பெம்பிளை ஒருமை" என்று சாலையில் அமர்ந்து 20 விழுக்காடு போனஸ் பெற்றார்கள். தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்களை விழுங்கிற்று. அவர்களும் தமிழர். தலைமுறை தலைமுறையாய் உழைத்தும் கம்பெனி லயத்தைத் தவிரச் சொந்தமாக ஒரு கூரை இல்லாதவர்கள். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6ஆம் நாள் அந்தத் தீர்ப்பை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. மதம் பற்றிய வாதத்தோடு, அவருடைய குடும்பத்தார் எப்போது எஸ்டேட்டுக்கு வந்தனர் என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. நாம் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழக்கறிஞர் உண்டு. நம் உறுப்பினரின் மகளுக்கு யார் உண்டு?

அந்தப் பெண்ணுக்கு எந்தக் கதவுமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். இதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். மாநிலப் பணிக்குத்தான் இந்தத் தடை. மைய அரசுப் பணிக்குப் பூர்வீக மாநிலத்துப் பட்டியலினச் சான்று செல்லும். தகப்பனாருக்குப் பூர்வீக மாநிலத்தில் வழங்கப்பட்ட சான்றைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்கும் சான்று தரலாம் என்று மைய அரசின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், தகப்பனாரிடமும் சான்று இல்லை. அவர் ஊருக்குப் போய்க் கேட்டால், "நீங்கள் இங்கே எங்கே இருக்கிறீர்கள்? ரேஷன் கார்டு கேரளத்தில் அல்லவா!" என்கிறார்கள். இங்கே கேட்டால் பூர்வீகம் அங்கே என்கிறார்கள். இரண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் நிற்கிறது.

மொழி பற்றி ஒன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். செயலகத்தைத் தினமும் கடந்து போகிற நம்மில் எத்தனை பேர் ஒரே ஒரு மனுவாவது தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்? பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்துப் போகும். பிறகு அது இருந்ததென்று சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சொல். நாம் குடியிருந்த ஒண்டு வீடுகளில் இப்போது வங்காளிகளும் அசாமியரும் ஒரிசாக்காரரும் பத்துப் பேர், பன்னிரண்டு பேராகப் படுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் ஆட்களே பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டோம். "வந்தேறிகள் கூலியைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். இந்த வசனத்தை நம் பாட்டன்மாரை நோக்கி யார் யார் சொன்னார்கள் என்பது நினைவில்லையா? அவர்கள் பிள்ளைகளும் நாளை இதே வரிசையில் நிற்கும். அவர்களிடம் கேட்கப் போகும் ஆண்டு மட்டும் வேறாக இருக்கும்.

இனி வேலை. வருகிற ஞாயிறு மாலை 4 மணி முதல் சங்க அறையில் ஒரு மேசை போடுகிறோம். சான்றிதழ் மறுக்கப்பட்டவர்கள் வரட்டும். மறுத்ததை வாய்ச் சொல்லாக விட்டுவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்கி வரட்டும். தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, வேலைச் சீட்டு, 1951-52 பொதுத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர், சர்ச்சிலோ கோயிலிலோ எழுதிய கல்யாணக் குறிப்பு, எது இருந்தாலும் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவரட்டும். வீட்டில் பாட்டிமார் உயிரோடு இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளப் படித்த பிள்ளைகள் நான்கு பேர் வேண்டும். இங்கிலீஷ் பள்ளிக்கூடப் பஸ்ஸில் போன பிள்ளைகளாக இருந்தால் மிக நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.